நெப்போலியன் என்று ஒருவர் இருந்தாரா?

நண்பர்களே, வணக்கம். 1819-இல் இங்கிலாந்தில் பெயர் போடாமல் ஒரு சிறு நூல் வெளிவந்தது. நெப்போலியன் இருந்தார் என்பதற்கு என்ன ஆதாரம் என்று அது கேட்டது. அந்த நேரத்தில் நெப்போலியன் செயின்ட் ஹெலினா தீவில் கைதியாக உயிரோடு இருக்கிறார்! எழுதியவர் ரிச்சர்ட் வேட்லி. ஆக்ஸ்ஃபோர்டில் படித்த பாதிரியார். பிற்பாடு டப்ளின் பேராயர் ஆனவர்.

அவர் குறிவைத்தது ஸ்காட்லாந்துத் தத்துவஞானி டேவிட் ஹியூமை. அற்புதங்களைப் பற்றி 1748-இல் ஹியூம் எழுதிய கட்டுரை, சாட்சிகளை உலுக்கி எடுத்தது. எத்தனை பேர் பார்த்தார்கள்? விவரம் தெரிந்தவர்களா? பொய் சொல்வதால் அவர்களுக்கு லாபம் உண்டா? சரி, அதே கேள்விகளை நெப்போலியனுக்கும் கேட்போம் என்றார் வேட்லி. பத்திரிகைக்காரர் அவரை நேரில் பார்த்தாரா? பரபரப்புச் செய்தியால் பத்திரிகை விற்கிறதே, அது லாபம் இல்லையா? 1815-இல் பிளிமத் துறைமுகத்தில் படகேறிப் போய்ப் பார்த்தவர்கள் உண்டு. அவர்கள் கண்டது கப்பலில் தொப்பியோடு நின்ற ஒரு மனிதரை. அவர்தான் நெப்போலியன் என்பது பிறர் சொல்லித் தெரிந்ததுதானே?

எனக்கு இதைவிடப் பிடித்தது, பிரான்சில் ஆஜான் ஊர் நூலகர் பெரேஸ் 1827-இல் எழுதியது. மதங்கள் எல்லாமே சூரியக் கதைகள், கிறிஸ்துவும் சூரியனே என்று துய்ப்புய் என்ற பிரெஞ்சு அறிஞர் 1795-இல் பெரிய நூலே எழுதியிருந்தார். பெரேஸ் அந்த முறையை அப்படியே எடுத்துக்கொண்டார். நெப்போலியன் என்பது அப்போலோ, அதாவது கிரேக்கர்களின் சூரியக் கடவுள். தாய் லெத்தீசியா, அப்போலோவின் தாய் லேட்டோ. நான்கு சகோதரர்கள் நான்கு பருவங்கள். பூவும் கதிரும் கனியும் ஆளும் மூவர் அரசர்களானார்கள், ஆள எதுவும் இல்லாத குளிர்காலத்துக்கு அரியணை இல்லை. பன்னிரண்டு தளபதிகள் பன்னிரண்டு ராசிகள். கிழக்கே எகிப்திலிருந்து கடல் வழியே எழுந்தார், மேற்குக் கடலில் மறைந்தார். படிக்கப் படிக்க எல்லாம் பொருந்துகிறது. இருந்தும் முடிவு தப்பு! ஒப்புமை எத்தனை சேர்ந்தாலும் அது ஆதாரம் ஆகாது என்பதை இவ்வளவு அழகாகக் காட்டிய எழுத்தை நான் வேறெங்கும் படித்ததில்லை.

வேட்லியிடம் எனக்கு அந்த அளவு உடன்பாடு இல்லை. ஒருவர் போரில் வென்றார் என்பதும், இறந்தவர் எழுந்தார் என்பதும் ஒரே எடை உள்ள செய்திகள் அல்ல. இயற்கையின் வழக்கத்துக்கு மாறானதற்குத்தான் ஹியூம் கூடுதல் சாட்சி கேட்டார். வேட்லியின் கேலி அந்த வேறுபாட்டைத் தாண்டிப் போய்விடுகிறது. ஆனாலும் பத்திரிகைச் செய்தியைப் பற்றி அவர் கேட்டது இருக்கிறதே, அதற்கு ஹியூமின் பக்கம் நிற்கிற நானும் பதில் சொல்லியாக வேண்டும். நெப்போலியன் 1821-இல் இறந்த பிறகும் அந்த நூல் பல பதிப்புகள் கண்டது. வேட்லியும் விடாமல் புதுப் பின்குறிப்புகளைச் சேர்த்துக்கொண்டே இருந்தார்.