குண்டுவிமானத்தின் தம்பி: லண்டனைச் சுத்திக் காட்டும் ரூட்மாஸ்டர் பஸ்

[காட்சி: டிராஃபல்கர் சதுக்கம். பழைய சிவப்பு மாடி பஸ் ஒண்ணு வந்து நிக்குது.]

வணக்கம். லண்டன்ல பழைய மாடி பஸ்ல ஊர் சுத்திப் பார்க்கிற சுற்றுலா ரொம்ப பிரபலம். வழிகாட்டி மைக்ல பேசிட்டே வருவார், நாம வேடிக்கை பார்த்துட்டே போகலாம். நிறைய பேர் இதைப் படம் எடுத்துக்கிற சவாரியா மட்டும் நினைக்கிறாங்க. ஆனா இந்த பஸ் எப்படிப் பிறந்துச்சுன்னு தெரிஞ்சுட்டு ஏறினா, வழியில வர்ற கட்டடங்கள் வேற மாதிரி தெரியும்.

பஸ்ஸோட பேரு ரூட்மாஸ்டர். முதல் மாதிரி 1954-ல வந்தது. 1956 பிப்ரவரியில பயணிகளை ஏத்திக்கிட்டு ஓட ஆரம்பிச்சது. 1968 வரைக்கும் மொத்தம் 2,876 பஸ் கட்டினாங்க.

[காட்சி: ஹாலிஃபாக்ஸ் விமானத் தொழிற்சாலை, கறுப்பு வெள்ளைப் படம்.]

இதோட கதை இரண்டாம் உலகப்போர்ல ஆரம்பிக்குது. லண்டன்ல பஸ் ஓட்டின லண்டன் டிரான்ஸ்போர்ட் நிறுவனம், போர்க்காலத்துல மத்த நிறுவனங்களோட சேர்ந்து ஹாலிஃபாக்ஸ்ங்கிற குண்டுவிமானத்தைக் கட்டிக் கொடுத்தது. 700-க்கும் மேல விமானங்கள்! மெல்லிய அலுமினியத் தகட்டை வச்சு, எடை குறைவா, ஆனா உறுதியா ஒரு உடம்பைக் கட்டுறது எப்படின்னு அங்கேதான் அவங்க கத்துக்கிட்டாங்க.

போர் முடிஞ்சதும் அந்தத் தொழிலறிவை அப்படியே பஸ்ஸுக்குக் கொண்டு வந்தாங்க. அந்தக் காலத்து பஸ்ஸுக்கு அடியில கனமான இரும்புச் சட்டம் இருக்கும், அதுக்கு மேல உடம்பைத் தூக்கி வைப்பாங்க. ரூட்மாஸ்டர்ல அந்தச் சட்டமே கிடையாது. அலுமினிய உடம்பே பாரத்தைத் தாங்கும். இதுக்கு முன்னாடி ஓடின ஆர்டி பஸ்ல 56 சீட். இதுல 64 சீட், ஆனா எடை அதைவிடக் குறைவு. பவர் ஸ்டீயரிங், ஆட்டோமேட்டிக் கியர் எல்லாம் 1950-களிலேயே இதுல வந்துடுச்சு.

டிரைவருக்கு முன்னாடி தனி அறை. பயணிகள் பக்கத்துல இருந்து அவரோட பேச முடியாது. அதனால கண்டக்டர் கயித்தை இழுத்து மணி அடிப்பார். ஒரு மணின்னா நிறுத்து, ரெண்டு மணின்னா கிளம்பு. நம்ம ஊர் கண்டக்டரோட விசில் கணக்குதான்.

[காட்சி: ஸ்ட்ராண்ட் சாலை. மேல்மாடி முன் சீட்டில இருந்து.]

ஸ்ட்ராண்ட் சாலையோட கிழக்கு முனையில, நடுவுல ஒரு தீவு மாதிரி செயின்ட் கிளமென்ட் டேன்ஸ் தேவாலயம் நிக்கும். இங்கே கொஞ்சம் நிதானமா பாருங்க. 1941 மே மாசம் ஜெர்மன் குண்டுவீச்சுல இந்தக் கோயில் உள்ளே முழுசா எரிஞ்சு போச்சு. வெளிச்சுவர்ல குண்டுச் சிதறல் கொத்தின தழும்புகளை இன்னும் மூடாமலே விட்டிருக்காங்க. 1958-ல புதுப்பிச்சு, பிரிட்டிஷ் விமானப்படையோட கோயிலா ஆக்கினாங்க.

வாசல்ல ஆர்தர் ஹாரிஸ் சிலை இருக்கு. ஜெர்மன் நகரங்கள் மேல குண்டு போட்ட படைப்பிரிவோட தளபதி அவர். அந்தப் படை ஓட்டின விமானங்கள்ல ஹாலிஃபாக்ஸும் ஒண்ணு. 1992-ல இந்தச் சிலையைத் திறந்தப்பவே எதிர்ப்புக் குரல் எழுந்தது. ஜெர்மனியில செத்துப்போன சாதாரண ஜனங்களை நினைச்சா, அந்த எதிர்ப்புல நியாயம் இருக்குன்னுதான் எனக்குத் தோணுது. குண்டு வாங்கின கோயில், குண்டு போட்டவரோட சிலை, குண்டுவிமானம் கட்டின அனுபவத்துல பிறந்த பஸ், மூணும் சில அடி தூரத்துல சந்திக்கிற இடம் இது. நல்ல வழிகாட்டி இந்த இடத்தை அவசரமா கடக்க மாட்டார்.

ஃப்ளீட் தெரு வழியா போனா, எதிர்ல செயின்ட் பால் பேராலயத்தோட குவிமாடம் எழும்பி வரும். 1666 செப்டம்பர்ல ஒரு ரொட்டிக் கடையில பிடிச்ச தீ, 13,000 வீடுகளையும் 87 கோயில்களையும் எரிச்சது. பழைய செயின்ட் பாலும் அதுல போச்சு. இப்ப இருக்கிறது கிறிஸ்டோபர் ரென் கட்டினது. 1675-ல தொடங்கி 1710-ல முடிஞ்சது.

1940 டிசம்பர் 29 ராத்திரி, ஜெர்மன் குண்டுவீச்சுல மறுபடி சுத்திலும் தீ. தேம்ஸ் நதியில நீர்மட்டம் இறங்கியிருந்தது, தண்ணிக் குழாய்களும் உடைஞ்சிருந்தது. குவிமாடத்து மேல ஒரு எரிகுண்டு வந்து சிக்கிக்கிச்சு. அது வெளிப்பக்கமா நழுவி விழுந்ததும், ராத்திரி முழுக்கக் காவல் இருந்த தொண்டர்கள் ஓடிப்போய் அணைச்சாங்க. பேராலயம் பிழைச்சது.

சாதாரண வழித்தடங்கள்ல ரூட்மாஸ்டர் கடைசியா ஓடினது 2005 டிசம்பர்ல, 159-ம் நம்பர் பஸ்ஸா. இதுல சக்கர நாற்காலி ஏத்த முடியாது, அது பெரிய குறை. மாடிப்படியும் குறுகலா வளைஞ்சு போகும். முட்டி வலி இருக்கிறவங்க கீழேயே உட்காருங்க. முடிஞ்சா ப்ளூ பேட்ஜ் வாங்கின வழிகாட்டி இருக்கிற சுற்றுலாவா தேர்ந்தெடுங்க. தேர்வெழுதி வாங்குற தகுதி அது. டிராஃபிக்ல பஸ் நின்னா கதையை நீட்டவும், வேகமா போனா சுருக்கவும் ஆள் இருந்தாத்தான் முடியும். பதிவு செஞ்ச குரலால அது ஆகாது.

[காட்சி: டவர் பாலம்.]

கடைசியா டவர் பாலம். கப்பல் போறதுக்காக நடுவுல ரெண்டாப் பிரிஞ்சு மேலே தூக்குற பாலம் இது. 1952 டிசம்பர் 30 அன்னைக்கு, 78-ம் நம்பர் பஸ் பாலத்து மேல போய்ட்டிருக்கும்போதே பாலம் தூக்க ஆரம்பிச்சுடுச்சு. டிரைவர் ஆல்பர்ட் கன்டர் பிரேக் பிடிக்கல. வேகத்தைக் கூட்டி, இடைவெளியைத் தாண்டி அந்தப் பக்கம் பஸ்ஸை இறக்கிட்டார். உள்ளே இருந்த பயணிகள் உயிர் தப்பினாங்க. அது ரூட்மாஸ்டருக்கு மூத்த ஆர்டி பஸ். அவருக்குக் கிடைச்ச பரிசு 10 பவுண்டு. பாலம் இன்னைக்கும் தூக்குது, தூக்குற நேரத்தை முன்கூட்டியே வெளியிடுறாங்க. அதைப் பார்த்துட்டு சுற்றுலா நேரத்தை முடிவு பண்ணுங்க.