பயந்துகொண்டே உள்ளே போகிறவள்

நண்பர்களே, வணக்கம். இன்று ஒரே ஒரு சிறுமியைப் பற்றித்தான் பேசப்போகிறேன். பிலிப் புல்மன் எழுதி 1995இல் வெளிவந்த 'நார்தர்ன் லைட்ஸ்' நாவலின் நாயகி, லைரா. கதை 2000 வரை மூன்று பாகங்களாக வளர்ந்தது. அவளுடைய துணிச்சலைப் பற்றிப் பேச வேண்டுமென்றால் முக்கியமான திருப்பங்களைச் சொல்லித்தான் ஆக வேண்டும். இன்னும் படிக்காதவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள்.

லைரா நல்ல பிள்ளை இல்லை. ஆக்ஸ்ஃபோர்டில் ஒரு கல்லூரியில் அறிஞர்களுக்கு நடுவே வளர்கிறாள். ஆனால் படிப்பில் மனம் போகாது. கூரைமேல் ஏறுவாள், ஊர்ப் பிள்ளைகளோடு களிமண்ணை வீசிச் சண்டை போடுவாள், வாயைத் திறந்தால் பொய். வாள் பிடிக்கத் தெரியாது. மந்திரமும் கிடையாது. கேட்ட கேள்விக்கு உண்மையான பதிலைக் காட்டும் கருவி ஒன்று கைக்கு வருகிறது, அவ்வளவுதான். இப்படிப்பட்ட ஒருத்தியை வீராங்கனை என்று நான் ஏன் கொண்டாடுகிறேன்?

அதைச் சொல்வதற்கு முன் அவளுடைய உலகத்தின் ஒரு விதியைச் சொல்ல வேண்டும். அங்கே மனிதரின் ஆன்மா உடலுக்கு வெளியே, ஒரு விலங்கின் உருவத்தில் கூடவே நடக்கிறது. அதற்கு டீமன் என்று பெயர். குழந்தைகளின் டீமன் நொடிக்கு நொடி உருவம் மாறும். வளர்ந்த பிறகு ஒரே உருவத்தில் நிலைத்துவிடும். லைராவின் டீமன் பெயர் பான்டலைமன். செல்லமாக, பான். இருவரும் சில அடி தூரத்துக்கு மேல் பிரிந்தால் நெஞ்சைப் பிய்ப்பதுபோல் வலிக்கும்.

இப்போது வடக்கே ஓர் உறைபனி இரவு. பக்கத்துக் கிராமத்தில் ஒரு பேய் இருக்கிறது, ஊரே நடுங்குகிறது என்று அந்தக் கருவி காட்டுகிறது. கவசம் அணிந்த, பேசும் கரடி யோரெக்கின் முதுகில் ஏறிக்கொண்டு லைரா போகிறாள். மீன் காயவைக்கும் கொட்டகையில், விளக்கு வெளிச்சத்தில் அவள் பார்ப்பது பேயை இல்லை. டோனி என்ற சிறுவன். அவனுடைய டீமனை யாரோ வெட்டிப் பிரித்துவிட்டார்கள். அது இருந்த இடத்தில் ஒரு காய்ந்த மீனை மார்போடு அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான்.

அந்த உலகத்தில் டீமன் இல்லாத மனிதன் என்றால் முகமே இல்லாத மனிதனைப் போல. லைராவுக்குக் குமட்டுகிறது. திரும்பி ஓடிவிடத் துடிக்கிறாள். இதைப் புல்மன் மறைக்கவே இல்லை, அதற்காகவே அவரை எனக்குப் பிடிக்கும். அவளுடைய அருவருப்பு கடைசிவரை போகவில்லை. அந்த அருவருப்போடேயே அவனை வெளியே அழைத்துவந்து, கரடியின் முதுகில் தன்னோடு ஏற்றிக்கொள்கிறாள். வழியெல்லாம் அவன் தன் ராட்டரைத் தேடுகிறான். ராட்டர், அவன் இழந்த டீமன்.

விடிவதற்குள் அவன் இறந்துபோகிறான். அந்த மீனை யாரோ எடுத்து நாய்களுக்குப் போட்டுவிடுகிறார்கள். லைராவுக்கு வருகிற கோபத்தைப் பார்க்க வேண்டுமே! சுற்றி நிற்பவர்கள் எல்லோரும் அவளோடு வடக்கே பயணம் வந்த வளர்ந்த ஆண்கள். அவர்கள்மீது அவள் பாய்கிறாள். அப்புறம் ஒரு தங்கக் காசில் 'ராட்டர்' என்று கீறி இறந்தவனின் வாயில் வைக்கிறாள். அவள் வளர்ந்த கல்லூரியில் இறந்த அறிஞர்களுக்குச் செய்கிற மரியாதை அது. அந்தக் கூட்டத்தில் வேறு யாருக்கும் இது தோன்றவில்லை.

கரடிகளின் அரசனையே பொய் சொல்லி ஏமாற்றுகிறாள், அதற்காக யோரெக் அவளுக்கு 'வெள்ளிநாக்கு' என்று பட்டப்பெயர் சூட்டுகிறான். வாசகர்கள் பெரும்பாலும் இந்தக் காட்சியைத்தான் கொண்டாடுவார்கள். விறுவிறுப்பான காட்சிதான், சரி. ஆனால் எனக்கு அந்த மீன் கொட்டகைதான் பெரிது.

இதைவிடப் பெரிய இடம் மூன்றாம் பாகத்தில் வருகிறது. முதல் பாகத்தில் ரோஜர் என்ற நண்பனைக் காப்பாற்றத்தான் லைரா வடக்கே போனாள். காப்பாற்றவும் செய்தாள். ஆனால் பிறகு, தெரியாமல், தன் தந்தையிடமே அவனைக் கூட்டிக்கொண்டு போய்விட்டாள். அவருக்குத் தேவைப்பட்டது ஒரு குழந்தையின் உயிர். ரோஜர் செத்தான். தெரியாமல் நடந்ததுதானே என்று யாரும் அவளைத் தேற்றலாம். அவள் அந்தச் சமாதானத்தை ஏற்கவில்லை. இறந்தவர்களின் உலகத்துக்கே போய் ரோஜரிடம் மன்னிப்புக் கேட்பேன் என்று கிளம்புகிறாள்.

அந்த உலகத்துக்குக் கொண்டுசேர்க்கும் படகுக்காரன் ஒரு நிபந்தனை வைக்கிறான்: பான் கூட வரக்கூடாது. அவள் கெஞ்சுகிறாள், அழுகிறாள், பிறகு படகில் ஏறுகிறாள். கரையில் பான் தனியாக நிற்கிறான். டோனிக்கு வெட்டிச் செய்ததை இவள் தன் கால்களாலேயே நடந்து போய் ஏற்றுக்கொள்கிறாள். டோனியைப் பார்த்தவளுக்கு அந்த வலி எப்படிப்பட்டது என்று நன்றாகவே தெரியும். தெரிந்தும் போகிறாள்.

அங்கே அவளுடைய பொய் முதன்முறையாகத் தோற்கிறது. வாசலைக் காக்கும் ஹார்பி, பெண்முகம் கொண்ட ஒரு பறவை, அவள் கட்டுக்கதை சொல்லச் சொல்ல, பொய்க்காரி என்று கிறீச்சிட்டுத் தாக்குகிறது. பிறகு ஆவிகள் கேட்டதற்காக, ஊர்ப் பிள்ளைகளோடு களிமண் சண்டை போட்டதை, அந்த வாசனையை, அந்தச் சேற்றை, உள்ளது உள்ளபடி சொல்கிறாள். ஹார்பிகள் அமைதியாக உட்கார்ந்து கேட்கின்றன. தன்னிடமிருந்த ஒரே ஆயுதத்தைக் கீழே போட்டபோது அவளுக்கு வழி திறக்கிறது.

எனக்கு ஒரு குறை உண்டு. மூன்றாம் பாகத்தின் தொடக்கத்தில் தாய் அவளை ஒரு குகையில் மயக்கத்திலேயே வைத்திருக்கிறாள். அத்தனை பக்கங்கள் லைராவைத் தூங்கவைத்திருக்க வேண்டாம் என்றே நினைக்கிறேன்.

கடைசியில் அந்தக் கருவியைப் படிக்கும் திறமையும் அவளை விட்டுப் போய்விடுகிறது. குழந்தையாக இருந்தபோது தானாக வந்த வரம் அது. இனி வேண்டுமென்றால் புத்தகங்களை வைத்துக்கொண்டு வாழ்நாள் முழுக்க உழைத்துக் கற்க வேண்டும். பாடம் என்றாலே கூரைக்கு ஓடிய அந்தப் பெண், படிக்கிறேன் என்று ஒப்புக்கொள்கிறாள்.