கரும்பு கட்டும் ஒன்பதாம் நாள்

அவையோர் அனைவருக்கும் வணக்கம். சீனப் பெருநாள் என்றதும் நமக்குச் சிங்க நடனமும் பணம் வைத்துத் தரும் சிவப்பு அங்பாவ் உறையும்தான் நினைவுக்கு வரும். கோலாலம்பூரிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் பிள்ளைகள் வந்து சேர்ந்து, முந்தைய இரவில் ஒரே மேசையில் உண்ணும் ஒன்றுகூடல் விருந்தையும் நீங்கள் அறிவீர்கள். ஆனால் பினாங்குத் தீவின் ஜார்ஜ் டவுனில், ஃபூஜியான் வழிவந்த ஹொக்கியன் மொழி பேசும் சீனக் குடும்பம் ஒன்றின் அண்டை வீட்டில் பல்லாண்டுகள் வாழ்ந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: அவர்களுக்குப் புத்தாண்டைவிட அதன் ஒன்பதாம் நாளே பெரிது.

அது, அவர்கள் 'தீ கோங்' என்றழைக்கும் விண்ணரசரின் பிறந்தநாள். முன்னொரு காலத்தில் தென்கிழக்குச் சீனாவின் ஃபூஜியான் பகுதியில் கொள்ளையருக்கு அஞ்சிய மக்கள் கரும்புக் கொல்லைக்குள் ஒளிந்து உயிர்தப்பி, ஒன்பதாம் நாளன்றுதான் வெளியே வந்தார்கள் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் கதை. அதனால் எட்டாம் நாள் இரவே, வேரும் தோகையும் கழிக்காத இரண்டு முழுக் கரும்புகளை வழிபாட்டு மேசையின் இருபுறமும் கட்டிவிடுவார்கள். மேசையின் கால்களுக்கு அடியில் முக்காலி வைத்து உயர்த்துவதும் உண்டு; விண்ணில் இருப்பவருக்குத் தரைமட்டத்தில் படைப்பது மரியாதையாகாது அல்லவா? ஜார்ஜ் டவுன் கடலோரத்தில் சீனக் குடும்பங்கள் வாழும் சியூ ஜெட்டியில் நள்ளிரவு நெருங்கும்போது மேசைகள் வரிசையாக நீண்டு கிடக்கும் காட்சியைக் காணாதவர்கள் ஒருமுறை போய்ப் பார்க்க வேண்டும்.

என்னைக் கவர்ந்தது அந்த மேசையைவிட, அதைச் சுற்றி நடக்கும் பேச்சுதான். ஏனென்றால் அந்த மேசையில் உள்ள பல பொருள்கள் ஹொக்கியன் மொழியின் சிலேடைகள். கரும்பு 'கம் ச்சியா'. நன்றி சொல்வதும் ஏறக்குறைய அதே ஒலியில் 'கம் சியா' என்றே வரும். அன்னாசி 'ஓங் லாய்'. செழிப்பே வா என்று அழைப்பதும் அதுவே. இதில்தான் சிக்கல். இன்றைய பிள்ளைகள் சீனப் பள்ளியில் சீனப் பொதுமொழியான மாண்டரின் கற்று, வீட்டில் பாதி ஆங்கிலம் பேசுகிறார்கள். மாண்டரினில் அன்னாசி 'போலுவோ', அதற்குள் எந்தச் செழிப்பும் வருவதில்லை. விழா மாறாமல் நிற்க, அதை விளங்கவைத்த மொழி மட்டும் வீட்டைவிட்டு நழுவுகிறது.

அந்த வீட்டுப் பாட்டியை எல்லாரும் 'ஆ மா' என்றே அழைப்பார்கள். கூடத்துத் தரையில் பேரப்பிள்ளைகளை உட்காரவைத்து, தங்கத் தாளைப் பொற்கட்டி வடிவில் மடிக்கச் சொல்லிக்கொடுப்பார். ஒவ்வொரு மடிப்புக்கும் ஒரு ஹொக்கியன் சொல். தவறாக மடித்தால் திட்டும் ஹொக்கியனில்தான். அந்தப் பிள்ளைகள் கற்ற ஹொக்கியனில் பாதி திட்டாக வந்தது என்பது என் கணிப்பு.

கரும்பைப் பற்றிப் பேசுகையில் நம்மை விட்டுவிட முடியாது. 19ஆம் நூற்றாண்டில், அக்கரையில், அன்று வெல்லெஸ்லி மாகாணம் எனப்பட்ட இன்றைய செபராங் பிறையில், சீனர் தொடங்கிய கரும்புத் தோட்டங்களும் ஐரோப்பியர் தோட்டங்களும் இருந்தன. அத்தோட்டங்களுக்கு ஆள்சேர்த்துக் கொண்டுவரப்பட்டவர்களில் நம் முன்னோரும் உண்டு. பொங்கலுக்கு நாம் வாங்கும் கரும்பு, சில வாரங்கள் கழித்து அவர்கள் வீட்டு வாசலில் நிற்பதைக் காணும்போதெல்லாம் எனக்கு அந்தத் தோட்டங்கள் நினைவுக்கு வரும்.

ஒரு வருடம், படையல் முடிந்து தங்கத் தாளும் கரும்பும் தீயில் போன பின், அந்த வீட்டுப் பேரன் என்னிடம் அன்னாசித் துண்டு ஒன்றை நீட்டினான். "இதற்கு என்ன பெயர்?" என்று கேட்டேன். மாண்டரினில் சொல்ல வாயெடுத்தவன், பாட்டியை ஓரக்கண்ணால் பார்த்துவிட்டு, "ஓங் லாய்" என்றான்.