மரவீட்டைக் கொறிக்கும் முள்ளம்பன்றி: அது தேடி வருவது உப்பை

[காட்சி: இரவு. காட்டோரத்து மரவீடு. இருளில் கரகரவென்று ஓர் ஒலி.]

நள்ளிரவு. சுவருக்கு வெளியே யாரோ அரத்தால் மரத்தை ராவுவதுபோல் சத்தம் கேட்கிறது. விளக்கை எடுத்துக்கொண்டு போய்ப் பார்த்தால், வாசற்படி ஓரத்தில் ஒரு முள்ளம்பன்றி. வெளிச்சம் பட்டும் ஓடாமல், நிதானமாகப் பலகையைக் கொறித்துக்கொண்டிருக்கிறது. வட அமெரிக்கக் காடுகளில் மரவீடு வைத்திருப்பவர்களுக்கும் கூடாரம் அடித்துத் தங்குபவர்களுக்கும் இது பழகிய தொல்லை. தட்டி விரட்டினால் போய்விடும். மறுநாள் இரவு திரும்பி வரும். எதைத் தேடி வருகிறது என்று தெரியாதவரை இதற்கு முடிவே இல்லை.

[காட்சி: மரக்கிளையில் அமர்ந்து தளிர் தின்னும் முள்ளம்பன்றி.]

வட அமெரிக்காவில் பீவருக்கு அடுத்த பெரிய கொறிவிலங்கு இதுதான். வளர்ந்த விலங்கு பெரும்பாலும் 5 முதல் 14 கிலோ வரை இருக்கும். ஆசியாவிலும் ஆப்பிரிக்காவிலும் வாழும் முள்ளம்பன்றிகள் தரைவாசிகள். இதுவோ நன்றாக மரமேறும். குளிர்காலம் முழுவதும் மரத்தின் உட்பட்டையையும் ஊசியிலைகளையும் தின்று காலம் தள்ளுகிறது. இளவேனில் வந்ததும் மொட்டுக்கும் தளிருக்கும் மாறுகிறது.

சிக்கல் அந்தத் தளிரில்தான் இருக்கிறது. அதில் பொட்டாசியம் மிகுதி. சோடியம் மிகக் குறைவு. மிகுதியான பொட்டாசியத்தை உடல் சிறுநீரில் வெளியேற்றும்போது, இருக்கும் கொஞ்சம் சோடியமும் கூடவே போய்விடுகிறது. இலைதழை மட்டுமே தின்னும் விலங்குக்கு அந்த இழப்பை ஈடுகட்ட உணவில் வழியில்லை. அதனால் இளவேனிலிலும் கோடையிலும் அது உப்பைத் தேடி அலைகிறது. உங்கள் வீட்டைப் பாழாக்க வந்த விலங்கு அல்ல அது. உடம்புக்கு வேண்டியதைத் தேடி வந்த விலங்கு.

[காட்சி: பற்தடம் பதிந்த கோடரிப் பிடி, துடுப்பு, காலணி.]

மனிதர் புழங்கிய இடமெல்லாம் உப்புதான். கோடரிப் பிடி, மண்வெட்டிக் காம்பு, படகுத் துடுப்பு, குதிரைச் சேணம், காலணி, முதுகுப்பையின் பட்டை என எல்லாவற்றிலும் வியர்வை ஊறியிருக்கிறது. வெளிக்கழிப்பறையின் பலகையில் சிறுநீர் ஊறியிருக்கிறது. பிளைவுட்டின் அடுக்குகளை ஒட்டும் பசையும் முள்ளம்பன்றியை ஈர்க்கிறது. பனிக்காலத்தில் சாலையில் தூவும் உப்பு வண்டிகளின் அடியில் படிந்துகிடக்கிறது. பிரேக் குழாயும் டயரும் கடிபடுவது இதனால்தான். கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் உள்ள புகாபூ மாகாணப் பூங்காவுக்கு வருபவர்கள், கார்களைச் சுற்றிக் கோழிவலையைச் சுற்றி, அது நகராதபடி கற்களையும் கட்டைகளையும் அண்டைகொடுத்துவிட்டுத்தான் மலையேறப் போகிறார்கள். அப்படிப்பட்ட இடத்தில் வண்டியை நிறுத்தினால், கிளம்பும் முன் குனிந்து குழாய்களைப் பாருங்கள். பிரேக்கை ஒருமுறை மிதித்துச் சோதித்த பிறகே மலைச்சாலையில் இறங்குங்கள்.

முகாமில் செய்யவேண்டியது எளிது. காலணி, பை, துடுப்பு, கைப்பிடியுள்ள கருவிகள் எதுவும் இரவில் வெளியே கிடக்கக் கூடாது. கூடாரத்துக்குப் பக்கத்தில் சிறுநீர் கழிக்கவும் கூடாது. தொலைவில் ஓர் உப்புக்கட்டியை வைத்துவிட்டால் வீட்டுப் பக்கம் வராது என்று சொல்பவர்கள் உண்டு. நான் அதைச் சொல்ல மாட்டேன். சுற்றுவட்டாரத்து விலங்குகளையெல்லாம் நாமே கூப்பிட்டுப் பழக்கியதாகிவிடும்.

[காட்சி: தரைத்தளத்தின் அடியில் கம்பி வலை பொருத்தும் கைகள்.]

மரவீட்டுக்குக் கூடுதல் வேலை தேவை. கொறிபட்ட மூலைகள், படிகள், கதவின் கீழ்ப்பகுதி ஆகியவற்றின் மேல் உலோகத் தகடு அடியுங்கள். தரைத்தளத்துக்கு அடியில் உள்ள இடைவெளியைக் கெட்டியான சிறுகண் கம்பி வலையால் மூடி, வலையின் அடிப்பகுதியை மண்ணுக்குள் வெளிப்பக்கமாக மடித்துப் புதையுங்கள். மெல்லிய கோழிவலை இங்கே தாங்காது. காக்கவேண்டிய தனி மரம் இருந்தால், ஏறமுடியாதபடி அடிமரத்தைச் சுற்றி அகலமான தகடு ஒன்றைப் பொருத்தலாம். பக்கத்து மரத்தின் கிளை அதைத் தொட்டுக்கொண்டிருந்தால் அந்தத் தகட்டால் பயனில்லை.

அடைக்கும் முன் உள்ளே யாரும் இல்லை என்று உறுதிசெய்யுங்கள். இதில் அவசரம் வேண்டாம். திறப்பில் கசக்கிய செய்தித்தாளைத் தளர்வாகச் செருகிவையுங்கள். சில இரவுகள் கடந்தும் தாள் கலையாமல் இருந்தால் உள்ளே விலங்கு இல்லை என்று கொள்ளலாம். இந்த விலங்கு ஏறக்குறைய 7 மாதம் சுமந்து, பெரும்பாலும் ஒரே ஒரு குட்டியைத்தான் ஈனும். குட்டி பிறப்பது இளவேனில், முன்கோடை நாட்களில். பகலில் தாய் மரத்தில் உறங்க, குட்டி தரையில் ஒளிந்திருக்கும். அந்த நாட்களில் வழியை அடைத்தால் தாய் ஒரு பக்கம், குட்டி ஒரு பக்கம் என்றாகிவிடும். குட்டி வளர்ந்து வெளியேறும்வரை பொறுப்பதே நியாயம்.

விஷம் வைக்காதீர்கள். அந்துருண்டையைத் தூவவும் வேண்டாம். அது நாய்க்கும் குழந்தைக்கும் நஞ்சு. கூண்டில் பிடித்து வேறிடத்தில் விடுவதற்கான சட்டம் மாகாணத்துக்கு மாகாணம் மாறும். அங்குள்ள வனவிலங்குத் துறையைக் கேட்காமல் அதில் இறங்கக் கூடாது. பிடித்துக்கொண்டுபோய் விட்டாலும், உப்பு அங்கேயே இருந்தால் இன்னொன்று வந்து சேரும்.

[காட்சி: முட்களைச் சிலிர்த்து முதுகைக் காட்டி நிற்கும் முள்ளம்பன்றி.]

முள்ளம்பன்றி முள்ளை எய்யும் என்பது பொய். அதன் உடலில் ஏறக்குறைய 30,000 முட்கள் உண்டு. பட்டவுடன் அவை கழன்று, தொட்டவர் உடலில் தைத்துவிடுகின்றன. அதற்கு முன் அது எச்சரிக்கவும் செய்கிறது: பல்லை நறநறவென்று கடிக்கும், கடும் நாற்றம் விடும், முதுகைத் திருப்பி வாலை ஓங்கும். இரண்டு மூன்று மீட்டர் தள்ளி நின்று வழிவிட்டால் போய்விடும். முள்ளின் நுனியில் கண்ணுக்குத் தெரியாத கொக்கிகள் இருக்கின்றன. அவை முள்ளைப் பிடுங்கவிடாமல் தடுப்பதோடு, உள்ளே எளிதாக இறங்கவும் உதவுகின்றன என்று 2012இல் வெளியான ஆய்வு காட்டியது. கொக்கியில்லாத முள்ளோடு ஒப்பிட்டால், இது தைக்க ஏறக்குறையப் பாதி விசையே போதும்.

ஆகவே, நாய் வைத்திருப்பவர்கள் இரவில் அதைக் கட்டியே வைக்கவேண்டும். முகத்தில் முள்ளோடு அது ஓடிவந்தால், காலால் தேய்க்கவிடாமல் பிடித்துக்கொள்ளுங்கள். முள்ளை நறுக்கினால் காற்று இறங்கிச் சுருங்கும், வினிகர் ஊற்றினால் இளகும் என்பவற்றை நம்பாதீர்கள். நறுக்கிய முள் சிம்பாகி உடையும். உடைந்த துண்டு தசைக்குள் நகர்ந்து மூட்டுகளையோ நுரையீரலையோ கண்ணையோ எட்டலாம். மயக்கமருந்து கொடுத்து மருத்துவர் எடுப்பதே சரி. கனடாவில் 1998 முதல் 2002 வரை முள் தைத்துச் சிகிச்சைக்கு வந்த 296 நாய்களின் பதிவுகளை ஆராய்ந்தவர்கள், 24 மணி நேரத்துக்குமேல் தாமதித்தால் சிக்கல்கள் கூடுவதைக் கண்டார்கள். காட்டு வீட்டிலிருந்து மருத்துவமனை தொலைவில் இருக்கும். எனவே புறப்படும் முன்பே, இரவிலும் திறந்திருக்கும் கால்நடை மருத்துவமனை எது என்று விசாரித்து, அதன் எண்ணை எழுதி எடுத்துக்கொண்டு போங்கள்.