கண் ஓடாத இடம்

நண்பர்களே, 'கண்ணோட்டம்' என்ற சொல்லை இன்று எதற்குப் பயன்படுத்துகிறோம்? "என் கண்ணோட்டத்தில்..." என்று ஆரம்பித்து நம் கருத்தைச் சொல்ல. பழைய பொருள் வேறு. எதிரில் நிற்பவர் மேல் கண் ஓடுவது, பார்த்ததும் மனம் இளகுவது. வள்ளுவர் அதற்கென்று ஓர் அதிகாரமே எழுதினார். அதைத் துறவிக்குச் சொல்லவில்லை. பொருட்பாலில், அரசனுக்குச் சொல்லும் இடத்தில், உளவு பற்றிப் பேசும் ஒற்றாடலுக்கு முந்தைய அதிகாரமாக வைத்தார். ஆக, அவருக்கு இது நிர்வாக விஷயம்.

நெதர்லாந்தைப் பாருங்கள். குழந்தைப் பராமரிப்பு உதவித்தொகையில் மோசடி நடக்கிறது என்று விதிகளை இறுக்கினார்கள். சரி, நியாயம்தான். ஆனால் ஒரு கையெழுத்து விடுபட்டால்கூட அந்த ஆண்டு வாங்கிய முழுத் தொகையையும் திருப்பிக் கட்டு என்றார்கள். பல்லாயிரம் யூரோ! 20,000-க்கும் மேற்பட்ட பெற்றோர் சிக்கினார்கள். கடனில் வீடு போனவர்கள் உண்டு. நீதிமன்றமும் பல வருடம் 'சட்டம் அப்படித்தான்' என்றே சொன்னது. 2020 டிசம்பரில் நாடாளுமன்றக் குழு இதை அநீதி என்று எழுதியது. 2021 ஜனவரியில் அரசே பதவி விலகியது.

இதில் ஒவ்வொரு படியையும் தனியாக எடுத்துப் பார்த்தால் தர்க்கம் அவ்வளவாக இடிக்காது. எனக்குப் பயம் அங்கேதான். அப்புறம், அந்தத் தர்க்கம் சுத்தமாகவும் இல்லை. குடியுரிமையைப் பார்த்துச் சந்தேகப்பட்டதும் பின்னால் வெளியே வந்தது.

"இரக்கம் பார்த்தால் வேண்டியவனுக்குத்தானே சலுகை போகும்?" என்று கேட்பீர்கள். போகும். அதனால்தான் வேலை கெடாமல் கண்ணோடத் தெரிய வேண்டும் என்று வள்ளுவரே நிபந்தனை போட்டார். அது சுலபமில்லை. விதியைக் காட்டி அனுப்பிவிடுவது ரொம்பச் சுலபம்.

எப்படித் தெரியும் என்கிறீர்களா? மனுக்களைச் சரிபார்க்கும் நாற்காலியில் நானும் உட்கார்ந்தவன். ஒரு பெரியவரின் கையெழுத்து பழைய கையெழுத்தோடு ஒத்துப்போகவில்லை என்று இரண்டு முறை திருப்பி அனுப்பினேன். மூன்றாவது முறை என் எதிரிலேயே போடச் சொன்னேன். அப்போதும் தாளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்து மேசைக்காரர் மெல்லச் சொன்னார்: "சார், அவர் கையைப் பாருங்க."

பேனாவைப் பிடித்திருந்த கை நடுங்கிக்கொண்டிருந்தது.