பாரம் நிரப்பத் தெரிந்தவர் வீட்டில் இல்லையென்றால்

வணக்கம் நேயர்களே. பினாங்கு மாநிலம், பிறையில் இடைநிலைப்பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். இப்போது சனிக்கிழமைகளில் கோயில் மண்டபத்தில் உட்கார்ந்து, எஸ்.பி.எம்., எஸ்.டி.பி.எம். பள்ளித் தேர்வுகள் முடித்த பிள்ளைகளின் கல்விக்கடன், உபகாரச் சம்பள விண்ணப்பப் பாரங்களைப் பார்த்துக் கொடுக்கிறேன்.

போன வருடம் ஓர் அம்மா மகளோடு வந்தார். “எங்களுக்குக் கல்விக்கடன் கிடைக்காது டீச்சர். மூத்தவன் பேக்டரியில வேலை செய்யிறான். அவன் சம்பளத்தச் சேர்த்தா கூடிப்போயிடுது” என்றார். யாரம்மா சொன்னது என்றேன். யாரும் சொல்லவில்லை. அவராகவே கூட்டிப் பார்த்து, அவராகவே விட்டுவிட்டார்.

குடும்ப வருமானம் என்பது ஒரே சொல்தான், கணக்கு ஒன்றில்லை. வருமானத்தில் கீழே உள்ள 40 விழுக்காட்டுக் குடும்பங்களைப் பி40 என்று பிரிக்கும் புள்ளிவிவரத்தில், சேர்ந்து வாழ்ந்து சேர்ந்து செலவு செய்கிற எல்லாருடைய வருமானமும் வரும். அரசாங்கம் ரொக்கமாகத் தரும் எஸ்.டி.ஆர். உதவித்தொகைக்கோ கணவன் மனைவி வருமானம்தான். மாதம் 5,000 வெள்ளிக்குள் இருக்க வேண்டும். எஸ்.டி.ஆர். பெறும் வீட்டுப் பிள்ளைக்கு, அரசாங்கத்தின் உயர்கல்விக் கடன் கழகமான பி.டி.பி.டி.என். முழுக் கல்விக்கடன் தருகிறது. அந்த அம்மா எஸ்.டி.ஆர். வாங்கிக்கொண்டுதான் இருந்தார்! மகன் சம்பளம் அங்கே பேச்சிலேயே வராது. அன்றைக்கே உட்கார்ந்து விண்ணப்பித்தோம். கடன் கிடைத்தது.

அவருக்குப் பணம் மட்டுமா குறை? கேட்டுத் தெரிந்துகொள்ள வீட்டில் ஆள் இல்லை. அமெரிக்கக் கல்லூரிகளில் 1968 முதல் மாணவர் துணைச் சேவைத் திட்டம் ஒன்று நடக்கிறது. குறைந்த வருமானம், உடற்குறை போலவே, தாயும் தந்தையும் பட்டப்படிப்பு முடிக்காதவர்களாக இருப்பதும் அங்கே ஒரு தகுதி. சேர்ந்தவர்களுக்குப் பாட உதவியும் உண்டு, வழிகாட்ட ஆளும் உண்டு. நம் உபகாரச் சம்பளப் பாரங்களிலும் பெற்றோர் எதுவரை படித்தார்கள் என்பதற்கு மதிப்பு இருக்க வேண்டும் என்று நான் பலரிடம் கேட்டுவருகிறேன். இன்றும் கேட்கிறேன்.

சம்பளச் சீட்டு இல்லாதவர்கள் தயங்க வேண்டாம். லோரி ஓட்டுகிறவர், வீட்டிலேயே பலகாரம் செய்து விற்பவர் என்று நிறையப் பேர் இருக்கிறீர்கள். பெரும்பாலான பாரங்கள் வருமான உறுதிக் கடிதத்தை ஏற்கும். யார் கையெழுத்துப் போடலாம் என்று பாரத்திலேயே இருக்கும், முதலில் அதைப் படியுங்கள். கையெழுத்துக்கு அலைய நேரிடும். அதனால் அரசாங்கப் பல்கலைக்கழக இடத்துக்கான யு.பி.யு. முடிவு வரட்டும் என்று காத்திராமல் இந்த வாரமே தொடங்குங்கள். எஸ்.எஸ்.பி.என். சேமிப்புக் கணக்கையும் கையோடு திறந்துவிடுங்கள். அது இல்லாமல் பி.டி.பி.டி.என். விண்ணப்பம் நகராது.