கேட்பவருக்காக மாறாத கதை

பெருமதிப்பிற்குரிய நடுவர் அவர்களே, எதிரணியின் சான்றோர்களே, எங்கள் அணித் தலைவர் அவர்களே, இந்த நேரம் வரை கலையாமல் அமர்ந்திருக்கும் அவையோரே, அனைவருக்கும் என் பணிவான வணக்கம்.

‘மனக்காயத்திலிருந்து மீள்பவருக்கு முதலில் கைகொடுப்பது நாட்குறிப்பா, நெருங்கியவரோடு பேசுவதா?’ என்பது இன்றைய தலைப்பு. நாட்குறிப்பே என்னும் அணியில் இரண்டாவதாகப் பேச வந்திருக்கிறேன். எனக்கு முன் பேசிய எதிரணி ஐயா மூன்று கேள்விகளை வைத்துவிட்டு அமர்ந்திருக்கிறார். காகிதம் கண்ணீரைத் துடைக்குமா என்றார். தனியே உட்கார்ந்து எழுதுவது ஆறுகிற புண்ணைக் கீறுவதாகாதா என்றார். எழுதப் படிக்கத் தெரியாதவர் என்ன செய்வார் என்றார். மூன்றும் நியாயமான கேள்விகள். விடை சொல்லாமல் நான் இந்த மேடையை விட்டு இறங்கப் போவதில்லை. முதல் கேள்விக்கான விடையைத் தேட நான் வெகுதூரம் போக வேண்டியதில்லை என்பதால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

2013ஆம் ஆண்டு ஆவணி மாதத்து இரவு ஒன்றில், நானும் என் அம்மாவும் சென்னையிலிருந்து ஊர் திரும்பிக்கொண்டிருந்த பேருந்து விழுப்புரம் தாண்டியதும் கவிழ்ந்தது. அம்மா அங்கேயே இறந்துவிட்டார். எனக்குத் தோள்பட்டை எலும்பு முறிந்ததோடு சரி. பதினாறாம் நாள் காரியம் முடியும்வரை துக்கம் கேட்க வந்தவர்கள் அனைவரும் என் அருகில்தான் வந்து உட்கார்ந்தார்கள். ‘எப்படிம்மா நடந்துச்சு?’ என்று கேட்டார்கள். ஒவ்வொருவருக்கும் சொன்னேன். ஐயா சொல்வதுபோல் பேசினால் ஆறும் என்றால், நடுவர் அவர்களே, அந்தப் பதினாறு நாள்களிலேயே எனக்கு ஆறியிருக்க வேண்டும்.

ஆறவில்லை. இரத்த அழுத்தம் உள்ள பெரியம்மாவிடம், அம்மா வலி தெரியாமல் போய்விட்டதாகச் சொன்னேன். தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்த தம்பியிடம் பாதியைச் சொன்னேன். அப்பாவிடம் எதையுமே சொல்லாமல் அவர் கையை மட்டும் பிடித்துக்கொண்டேன். எதிரில் இருப்பவர் எவ்வளவு தாங்குவார் என்று பார்த்து அளந்து சொன்ன அந்தக் கதை, சொல்லச் சொல்லக் கோயில் படிக்கல்லைப்போலத் தேய்ந்து வழவழப்பாகி, எங்கும் இடறாமல் ஒப்பிக்கக்கூடியதாக ஆகிவிட்டது. இடற வேண்டிய இடம் ஒன்று அதில் இருந்தது. அதை நான் ஒருவரிடமும் சொல்லவில்லை. இரவு இரண்டு மணிக்கு விழிப்பு வருவது நிற்கவில்லை. டீசல் வாடை பட்டாலே கை நடுங்கியது. நான்கு கிலோமீட்டர் தொலைவில் இருந்த பள்ளிக்கு, வேலைக்குப் போகிற ஆசிரியை நான், பேருந்தில் ஏற முடியாமல் நடந்தே போய்க்கொண்டிருந்தேன்.

மறு ஆண்டு, உடன் பணியாற்றிய ஆசிரியை ஒருவர் கோடு போட்ட நோட்டு ஒன்றைக் கையில் கொடுத்து, ‘யாருக்கும் காட்ட வேண்டாம், பிழை பார்க்க வேண்டாம், தினமும் கால் மணி நேரம் மட்டும் எழுதுங்க’ என்றார். முதல் நாள் ஒரே ஒரு வரிதான் எழுதினேன்: ‘சன்னல் ஓரம் வேண்டும் என்று கேட்டது நான்.’ அந்த நோட்டு இன்றும் என்னிடம் இருக்கிறது. பேனாவை அழுத்திய அழுத்தத்தில் அடுத்த மூன்று பக்கங்களிலும் அந்த வரியின் தடம் பள்ளமாக விழுந்திருக்கிறது. சன்னல் ஓரம் உட்கார்ந்திருந்தவர் அம்மா. நான் கேட்டதால் எழுந்து இடம் மாறினார். பேருந்து வலப்பக்கம் சாய்ந்தபோது நான் சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். நடைவழி ஓரம் இருந்த அம்மாவுக்குப் பிடித்துக்கொள்ள எதுவும் இல்லை. துக்கம் கேட்க வந்த அத்தனை பேரிடமும் நான் தாண்டித் தாண்டிச் சென்ற இடம் இதுதான்.

அவையோரே, பேச்சின் குறை பேசுபவரிடமும் இல்லை, கேட்பவரிடமும் இல்லை. கேட்பவரின் முகம் எதிரில் இருக்கிறதே, அதுதான் தடை. அந்த முகம் வாடுமோ, நம்மைப் பழிக்குமோ, உடனே ‘அப்படியெல்லாம் நினைக்காதே’ என்று வாயை அடைத்துவிடுமோ என்ற அச்சத்தில் உண்மையின் முனை மழுங்கிவிடுகிறது. அன்பு மிகுந்த வீட்டில் இது இன்னும் அதிகம். காகிதம் கண்ணீரைத் துடைக்காது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்தக் கண்ணீரைப் பார்த்துக் காகிதம் அழுதுவிடுமோ என்று நாம் அஞ்ச வேண்டியதில்லை.

இது என் ஒருத்தியின் அனுபவம் மட்டும் என்று ஐயா சொல்லக்கூடும் என்பதால் ஆய்வுக்கு வருகிறேன். 1986இல் வெளியான ஆய்வு ஒன்றில், அமெரிக்க உளவியலாளர் ஜேம்ஸ் பென்னிபேக்கரும் சான்ட்ரா பீலும் 46 கல்லூரி மாணவர்களை, நாள் ஒன்றுக்கு 15 நிமிடம் வீதம் தொடர்ந்து 4 நாள்கள் எழுதவைத்தார்கள். சிலர் அற்பமான செய்திகளைப் பற்றி எழுதினார்கள். மற்றவர்கள் தம் வாழ்வின் பெரும் அதிர்ச்சியைப் பற்றி எழுதினார்கள். அதிர்ச்சியின் நிகழ்வையும் அதனோடு தம் உள்ளத்தில் எழுந்ததையும் சேர்த்து எழுதியவர்கள், எழுதி முடித்த அன்று கூடுதலாகச் சோர்ந்துதான் எழுந்தார்கள். ஐயா சொன்ன ‘கீறல்’ உண்மைதான். ஆனால் அடுத்த ஆறு மாதங்களில் உடல்நலமில்லை என்று கல்லூரி மருத்துவ மையத்துக்கு அவர்கள் போனது மற்றவர்களைவிடக் குறைவு. முள்ளை எடுக்கும்போதும் வலிக்கத்தான் செய்கிறது.

பிறகு பென்னிபேக்கரும் அவருடைய குழுவினரும் இத்தகைய எழுத்துகளைக் கணினியில் இட்டு, சொல் சொல்லாக எண்ணிப் பார்த்தார்கள். முதல் நாளைவிடக் கடைசி நாளில் காரணத்தையும் புரிதலையும் குறிக்கும் சொற்கள் யாருடைய எழுத்தில் கூடியிருந்தனவோ, அவர்களே அதிகம் பயனடைந்திருந்தார்கள். இதைப் படித்த அன்று என் பழைய நோட்டைத் தேடி எடுத்துப் பார்த்தேன். முதல் மூன்று நாள்களின் பக்கங்களில் ‘கேட்டேன்’, ‘கேட்டேன்’ என்றே இருக்கிறது. நான்காம் நாளில்தான் ‘ஏனென்றால்’ என்ற சொல் முதன்முதலாக வருகிறது. ‘கேட்டேன், ஏனென்றால் எனக்கு வாந்தி வருவதுபோல் இருந்தது. அம்மா அதைப் பார்த்துத்தான் எழுந்தார்’ என்று எழுதியிருக்கிறேன். ஓராண்டாக நான் சுமந்த குற்றத்தில் அம்மாவின் பார்வை ஒன்று இருந்ததையே மறந்திருந்தேன். அதை எனக்கு நினைவூட்டியவர் எவரும் இல்லை. அந்த வாக்கியத்தை முடித்தாக வேண்டியிருந்தது, முடிக்கப் போனபோது கிடைத்தது. வாயால் சொல்லும்போது வாக்கியத்தைப் பாதியில் விட்டுவிட்டு விம்மலாம், எதிரில் இருப்பவர் மீதியைப் புரிந்துகொள்வார். ஏட்டில் பயனிலை வரும்வரை போய்த்தான் ஆக வேண்டும்.

நேர்மையாக இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். இத்தகைய 146 ஆய்வுகளை ஒன்றுதிரட்டி 2006இல் வெளியான மதிப்பீட்டில், எழுதுவதன் சராசரிப் பயன் சிறியது என்றே தெரிந்தது. சிறியது, ஆனால் உண்டு. நான் இங்கே மந்திரக்கோலை விற்க வரவில்லை. பணம் செலவில்லாமல், எவர் தயவும் வேண்டாமல், நள்ளிரவு இரண்டு மணிக்கும் கிடைக்கிற துணை ஒன்று இருக்கிறது என்று சொல்ல வந்திருக்கிறேன்.

‘துயரம் நேர்ந்த உடனே உட்காரவைத்துக் கொட்டித் தீர்க்கச் சொல்ல வேண்டும்’ என்றும் ஐயா வற்புறுத்தினார். அது நல்லெண்ணம்தான், ஆனால் சோதித்துப் பார்க்கப்பட்டுத் தோற்றுப்போன எண்ணம். இங்கிலாந்தின் ஆக்ஸ்போர்டில் சாலை விபத்தில் அடிபட்டு மருத்துவமனைக்கு வந்தவர்களில் ஒரு பகுதியினருக்கு, நடந்ததை விரிவாகச் சொல்லவைக்கும் ஒரே ஓர் அமர்வை நடத்தினார்கள். மூன்று ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோது, அந்த அமர்வைப் பெறாதவர்களைவிடப் பெற்றவர்கள்தாம் மோசமான நிலையில் இருந்தார்கள். 2000ஆம் ஆண்டில் வெளியான இந்த ஆய்வும் இதுபோன்ற பிற ஆய்வுகளும் வந்தபின், அப்படி உடனே சொல்லவைப்பதை உலகச் சுகாதார அமைப்பும் பரிந்துரைப்பதில்லை. எழுத்தில் வேகத்தைத் தீர்மானிப்பவர் காயம்பட்டவரே. முதல் நாள் நான் ஒரு வரியோடு நோட்டை மூடியபோது, ‘அப்புறம் என்ன ஆச்சு?’ என்று கேட்க அங்கு யாரும் இல்லை.

உளவியல் வல்லுநர்களே எழுத்தைச் சிகிச்சையாக்கியிருக்கிறார்கள் என்பதை அவை அறிய வேண்டும். டெனிஸ் ஸ்லோன், பிரையன் மார்க்ஸ் ஆகிய அமெரிக்க ஆய்வாளர்கள், அதிர்ச்சியை எழுதியே கடக்கும் 5 அமர்வுச் சிகிச்சை ஒன்றை உருவாக்கினார்கள். பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்தக் கோளாறால் துன்புற்ற 126 பேரிடம், இதையும், பெரும்பாலும் சிகிச்சையாளரோடு உரையாடியே நடக்கும் 12 அமர்வுச் சிகிச்சையையும் ஒப்பிட்டு 2018இல் முடிவை வெளியிட்டார்கள். எழுத்துச் சிகிச்சை மற்றதற்குக் குறைந்ததாக இல்லை. உரையாடல் சிகிச்சையைப் பாதியில் விட்டவர்கள் ஏறத்தாழ 40 விழுக்காடு, எழுத்துச் சிகிச்சையை விட்டவர்கள் 6 விழுக்காடுதான். அங்கே வழிகாட்டச் சிகிச்சையாளர் ஒருவர் இருந்தார். அதை நான் மறைக்கவில்லை. ஆனால் நோயாளியின் உழைப்பு பெரும்பாலும் நிகழ்ந்தது அவருக்கும் தாளுக்கும் நடுவில்.

இனி, எழுத முடியாதவர் என்ன செய்வார் என்ற கேள்வி. 2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் எழுத்தறிவு 80 விழுக்காடு. மீதி 20 விழுக்காட்டினரில் பலரும் நம் பாட்டிமார்கள். அவர்களுக்கு என் வாதம் முழுமையாகப் பொருந்தாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆயினும் நாட்குறிப்பைக் காயம்பட்டவர்தான் எழுத வேண்டும் என்பதில்லை. தீவிர சிகிச்சைப் பிரிவை நினைத்துப் பாருங்கள். மூச்சுவிட உதவும் குழாய் செருகப்பட்டு, மயக்க மருந்தில் நாள்கணக்காகக் கிடந்து எழும் நோயாளிக்கு, நடந்தது நினைவிருக்காது, நடக்காதது நினைவிருக்கும். செவிலியர் கையைக் கட்டிச் சித்திரவதை செய்ததாகவும், எவரோ கொல்ல வந்ததாகவும் அவர் நம்புவார். வீடு திரும்பிய பிறகும் அந்தக் கனவுகள் விடாமல் துரத்தும். ‘அப்படி எதுவும் நடக்கலைப்பா’ என்று மகன் எத்தனை முறை சொன்னாலும் அந்தச் சொல் காற்றோடு போய்விடும்.

வட ஐரோப்பிய மருத்துவமனைகளில் இதற்கு ஒரு வழி கண்டார்கள். நோயாளி மயங்கிக் கிடக்கும் நாள்களில், செவிலியரும் வீட்டாரும் அவருக்காக நாட்குறிப்பு எழுதுகிறார்கள். இன்று காய்ச்சல் இறங்கியது, இன்று நீங்கள் குழாயைப் பிடுங்கப் போனதால் கையைக் கட்ட நேர்ந்தது, இன்று பேத்தி வந்து உங்கள் கால்மாட்டில் நின்றாள் என்று, எளிய மொழியில், தேதியிட்டு, சில இடங்களில் படத்தையும் ஒட்டி எழுதுகிறார்கள். நோயாளி தேறியதும் செவிலியர் உடனிருந்து விளக்கி, அந்த ஏட்டை அவரிடமே கொடுத்துவிடுகிறார். கைக்கட்டு உண்மை, சித்திரவதை உண்மையில்லை என்று அவர் தாமே பிரித்தறிகிறார். 6 ஐரோப்பிய நாடுகளின் 12 மருத்துவமனைகளில் 352 நோயாளிகளிடம் நடத்தப்பட்டு 2010இல் வெளியான ஆய்வில், ஏடு கையில் கிடைத்தவர்களில் 5 விழுக்காட்டினருக்கும் கிடைக்காதவர்களில் 13 விழுக்காட்டினருக்கும் பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்தக் கோளாறு புதிதாகத் தோன்றியது. நம் ஊர் மருத்துவமனைகளின் தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு வெளியே, நாற்காலியில் நாள் முழுதும் கையைப் பிசைந்துகொண்டு காத்திருக்கும் எத்தனை மகள்கள் இதைச் செய்யலாம்! சாதாரண நோட்டுப் புத்தகம் ஒன்று போதும். எழுதத் தெரியாத பாட்டிக்குப் பேத்தி எழுதிவைத்து, பிறகு வாசித்துக் காட்டட்டும்.

நாட்குறிப்பு நம் பழக்கமில்லை என்று ஐயா போகிற போக்கில் ஒன்று சொன்னார். 1736 முதல் 1761 வரை, இடையிடையே விட்டாலும், புதுச்சேரியில் தமிழில் தினப்படிக் குறிப்பு எழுதிய ஆனந்தரங்கப் பிள்ளையின் மண்ணுக்கு அருகில் நின்றுகொண்டு அதை நான் ஏற்க முடியாது.

எழுதக் கூடாத நேரமும் உண்டு. இழப்பு நேர்ந்த முதல் நாள்களில் உறங்குவதும் உண்பதும் உடனிருப்பாரும்தான் முக்கியம். எழுதும்போது தாங்க முடியாமல் போனால் பேனாவை மூடிவிட வேண்டும். அதையே திரும்பத் திரும்ப எழுதி, எழுத எழுத இருள் கூடினாலோ, உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் தலைகாட்டினாலோ, ஏட்டை வைத்துவிட்டு உடனே மனநல மருத்துவரைப் பார்க்க வேண்டும். 14416 என்ற அரசின் இலவச மனநல எண்ணை எந்த நேரத்திலும் அழைக்கலாம். ‘வீட்டில் யாராவது எடுத்துப் படித்துவிட்டால்?’ என்று அஞ்சும் பெண்கள் இந்த அவையில் இருப்பார்கள், எனக்குத் தெரியும். எழுதிவிட்டுக் கிழித்துப்போடுங்கள், பயன் எழுதுவதில் இருக்கிறது, ஏடு பத்திரமாக இருப்பதில் இல்லை. நான் பழைய வினாத்தாள் கட்டுக்கு நடுவே வைத்திருந்தேன்.

எழுதத் தொடங்கி எட்டு மாதங்கள் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, துணி மடித்துக்கொண்டிருந்த அப்பாவிடம், ‘சன்னல் ஓரம் வேணும்னு கேட்டது நான்தான்ப்பா’ என்றேன். ஏட்டின் முதல் வரியே அப்படியே வாயில் வந்தது. ‘பார்த்தீர்களா, பேசினீர்கள், ஆறியது’ என்று எதிரணி இதைப் பிடித்துக்கொள்ளும். நடுவர் அவர்கள் ஒன்றைக் கருத வேண்டுகிறேன்: ஓராண்டு முழுவதும் ஊரே கேட்டும் வெளிவராத அந்த வரி, ஏட்டில் பலமுறை எழுதி எழுதி என் கைக்கு அடங்கிய பிறகுதான் அப்பாவின் காதுக்குப் போனது. அப்பா மடித்த வேட்டியைக் கீழே வைக்காமலே, ‘உனக்கு வாந்தி வரும்னு அவளுக்குத் தெரியும்மா’ என்றார்.

நன்றி, வணக்கம்.